கடித டெம்ப்ளேட்: பாண்டாக்கோடு நான்கு வருடம்

குடியிருப்புச் சங்கச் செயலாளர் பொறுப்பு தலையில் விழுந்தபோது கடிதம் எழுதும் வேலையும் சேர்ந்தே வந்தது. மாதம் ஐந்தாறு இருக்கும். வேர்டில் பழைய கடிதத்தைத் திறந்து பெயரை மாற்றி அனுப்புவேன். ஒருமுறை போன மாதத் தேதியோடே ஒன்று போய்விட்டது. அன்றிலிருந்து எல்லாவற்றையும் வெறும் உரைக்கோப்பில் எழுதி, கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாண்டாக் என்ற மென்பொருள் வழியாகப் பிடிஎஃப் ஆக்குகிறேன்.

பாண்டாக் பிடிஎஃப் ஆக்குவது லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைக் கொண்டு. அதனால் முதலில் லேடெக்கில் கடிதத்துக்கென்றே இருக்கும் லெட்டர் வகையைப் பார்த்தேன். விளிப்பு, முடிப்பு, கையொப்பம், இணைப்பு, நகல் எல்லாவற்றுக்கும் கட்டளை உண்டு. பொருள் வரிக்கு மட்டும் இல்லை. பொருளும் பார்வையும் இல்லாத கடிதத்தை நம் அலுவலகங்களில் யார் மதிப்பார்கள்? லேடெக்குக்கான இன்னொரு தொகுப்பான கோமா-ஸ்கிரிப்டில் பொருள் வரி உண்டு. ஆனால் அது முகவரி வெளியே தெரியும் ஜெர்மன் ஜன்னல் உறைக்கு அளவெடுத்துத் தைத்தது. காகித ஓரத்தில் மடிப்புக்கோடு வரை போட்டுத் தரும். அதை அனுப்புநர், பெறுநர் அமைப்புக்கு இழுப்பதைவிடச் சொந்தமாக ஒன்று செய்வதே மேல் என்று இறங்கினேன்.

அதிகம் படுத்தியது முகவரி. உரைக்கோப்பில் நான் எழுதும் எளிய குறியீட்டு முறையான மார்க்டவுனில் அடுத்தடுத்த வரிகள் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும். வரி உடைய வேண்டுமென்றால் கடைசியில் இரண்டு இடைவெளி விடுவது வழக்கம். கண்ணுக்கே தெரியாத குறி! என் எடிட்டரோ சேமிக்கும்போது அந்த இடைவெளிகளைத் துடைத்துவிடும். பதவி, அலுவலகம், தெரு, பின்கோடு எல்லாம் ரயில்பெட்டி மாதிரி ஒரே வரியில் நின்றன. சரி, கோப்பின் தலைப்பகுதியில் பெறுநர், நாள் போன்ற விவரங்களைப் ‘பெயர்: மதிப்பு’ என்று எழுதும் யாமலில் நெட்டுக்கோடு போட்டால் வரிகள் அப்படியே இருக்குமே என்று நினைத்தேன். யாமல் காப்பாற்றித்தான் கொடுக்கிறது. பாண்டாக் அதையும் மார்க்டவுனாகவே படிப்பதால் மறுபடி ஒட்டிக்கொண்டது. கடைசியில் வரிக்கு ஒரு சிறுகோடு வைத்துப் பட்டியலாக்கி, வரிகளுக்கு நடுவே உடைப்பை டெம்ப்ளேட்டே செருகும்படி செய்தேன்.

அப்புறம் முக்காற்புள்ளி. பார்வையில் ‘தங்கள் கடிதம், நாள்: 12.3.2022’ என்று எழுதுவது கைப்பழக்கம். முக்காற்புள்ளியும் இடைவெளியும் சேர்ந்து வந்தால் யாமல் அதைப் புதிய புலம், அதாவது இன்னொரு விவரத்தின் பெயர், என்று எடுத்துக்கொண்டு பிழை காட்டி நின்றுவிடும். மேற்கோள் குறிக்குள் போட்டால் தீரும்தான். எனக்கு ஞாபகம் இருக்கும், பொருளாளர் அண்ணனுக்கு இருக்காது. அதனால் பார்வைக்குள் கடித எண்ணுக்கும் தேதிக்கும் தனித்தனி இடம் வைத்தேன். ‘நாள்:’ என்பதை இப்போது யாருமே தட்டுவதில்லை.

முதல் பதிப்பில் பதினான்கு புலங்கள் இருந்தன. இப்போது ஐந்துதான்: பெறுநர், நாள், பொருள், பார்வை, இணைப்பு. அனுப்புநர் விவரமும் கையொப்பமும் தனிக்கோப்பில் கிடக்கின்றன. பார்வை இல்லாத கடிதத்தில் அந்தத் தலைப்பே அச்சாகாது. நாளையும் ஒரு காலத்தில் தானாக விழும்படிதான் விட்டிருந்தேன். ஆறு மாதம் கழித்துப் பழைய கடிதத்துக்கு நகல் கேட்டார்கள். மறுபடி ஓட்டினால் அதில் அன்றைய தேதி! வேர்டில் பட்ட அடியை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். இப்போது நாளைக் கையால் எழுதாவிட்டால் என் ஸ்கிரிப்ட் பிடிஎஃப் தராது.

தமிழ் எழுத்துக்குப் பெரிய பாடில்லை. கணினியில் உள்ள எழுத்துருக்களை நேரடியாக எடுத்துக்கொள்ளும் லேடெக் வகையான ஸீலேடெக்கைத் தேர்ந்து எழுத்துருவின் பெயரைக் கொடுத்தேன், முடிந்தது.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. கடிதம் கொஞ்சம் நீண்டால் ‘இப்படிக்கு’ மட்டும் இரண்டாம் பக்கத்தில் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குக் கைவைத்தியம்தான்: ஏதாவது ஒரு வாக்கியத்தை வெட்டுவேன். பெரும்பாலும் நன்றி சொல்லும் வாக்கியம்.