டீச்சிங் லைசென்ஸை மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்

அமெரிக்காவில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபோகிற ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு 780 டாலரும் பாதிக் கல்வியாண்டும் போய்விட்டன.

கணவருக்கு வேலை மாறியதால் 2024 மே மாதம் நியூஜெர்சி எடிசனிலிருந்து டாலஸ் பக்கம் வந்தோம். அங்கே ஆறு வருடம் கணக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். கையில் இருப்பது ஸ்டாண்டர்ட் சர்டிபிகேட், அதாவது ஆசிரியர் வேலைக்கான நிரந்தர லைசென்ஸ், புதுப்பிக்கவே வேண்டாம், வாழ்நாள் முழுக்கச் செல்லும். ஆனால் நியூஜெர்சிக்குள் மட்டும்தான். இங்கே என்ன செய்வது என்று குழம்பிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு வாட்ஸப் குழுவில் விளம்பரம் பார்த்தேன். பேசியவரும் தமிழர்தான். "அக்கா, கவலையே படாதீங்க, மாநிலங்களுக்குள்ள ஒப்பந்தம் இருக்கு, தானா மாறிடும், 2023-ல புதுசா சட்டமே வந்துடுச்சு, 15 நாள்ல கைக்கு வந்துடும்" என்றார். பணத்தை ஸெல் (Zelle) என்கிற பணம் அனுப்பும் சேவையில் அனுப்பினேன். நாமே அனுப்பிய பணத்தை ஸெல்லிலிருந்து திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது அப்புறம்தான் புரிந்தது.

அவர் சொன்ன இரண்டுமே பாதி உண்மை, அதனால்தான் நம்பினேன். ஆசிரியர் சர்டிபிகேட் பற்றி மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட நாஸ்டெக் (NASDTEC) ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது எந்த மாநிலத்துச் சர்டிபிகேட்டை யார் பரிசீலிப்பார்கள் என்று சொல்கிறதே தவிர எதையும் தானாக மாற்றித் தராது, தேர்வு, கைரேகை எல்லாம் போகிற மாநிலம் வைத்த விதிப்படிதான். 2023-ல் நடைமுறைக்கு வந்த ஆசிரியர் இடமாற்ற உடன்படிக்கையில் முதலில் சேர்ந்த பத்து மாநிலங்களில் டெக்சாஸும் இல்லை, நியூஜெர்சியும் இல்லை.

டெக்சாஸ் கல்வித் துறையின் (டி.இ.ஏ.) இணையதளத்தில் நம் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி அதன் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பாஸ்வேர்டைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். அவர் உள்ளே போய் என் மின்னஞ்சலை எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டுக்கொண்டார். வாரம் ஒரு தடவை போன் செய்வேன், "ப்ராசஸ்ல இருக்கு அக்கா" என்பார். ஆகஸ்டில் பள்ளி திறந்தது. ஏழாம் வகுப்புக் கணக்கு எடுக்க என்னைத் தேர்ந்தெடுத்திருந்த பள்ளி, சர்டிபிகேட் வராததால் வேறொருவரை எடுத்துக்கொண்டது. அன்றைக்கு நான் அழுததை என் மகள் பார்த்தாள், அதை இன்னும் மறக்க முடியவில்லை.

அக்டோபரில் டி.இ.ஏ.வுக்கு நேரடியாகப் போன் செய்து கணக்கை மீட்டேன். விண்ணப்பக் கட்டணம் மட்டும் கட்டியிருந்தது. டிரான்ஸ்கிரிப்ட் (கல்லூரி மதிப்பெண் பட்டியல்) போகவில்லை. அதைக் கேட்டு வந்த மின்னஞ்சல் அந்த ஆளுக்கே போயிருக்கிறது. நியூஜெர்சியில் கொடுத்த கைரேகையே போதும் என்று அவர் சொன்னதும் பொய், டெக்சாஸுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

மீதியை நானே செய்தேன். சர்டிபிகேட்டைப் பரிசீலித்து முதலில் ஓராண்டுச் சர்டிபிகேட் கொடுக்கிறார்கள், அதை வைத்து வேலையில் சேரலாம், அந்த வருடத்துக்குள் டெக்சாஸ் தேர்வுகளை முடிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் எழுதிய சில தேர்வுகளை ஈடாக ஏற்பதும் உண்டு, கேட்டுப் பாருங்கள். எனக்கு ஜனவரியில் கிடைத்தது. இதில் ஒரு வேலைக்கும் இடையில் ஆள் தேவைப்படவில்லை.

அதே விளம்பரம் இப்போது வேறு பெயரில் சுற்றுகிறது. ஏற்கெனவே யாரிடமாவது பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் இன்றைக்கே உள்ளே போய் அதை மாற்றிவிட்டு, அங்கே இருப்பது உங்கள் மின்னஞ்சல்தானா என்று பாருங்கள்.