ஒரு ராத்திரி, முதுகில் மூட்டை: ஆஃப்டனா, வைல்டு ரிவரா, லேக் மரியாவா?

அமெரிக்காவின் மினசோட்டாவில் மினியாபோலிஸ், செயின்ட் பால் பக்கம் இருப்பவர் கூடாரத்தை முதுகில் சுமந்து போய் ஒரு ராத்திரி தங்க நினைத்தால், பேச்சு ஆஃப்டன், வைல்டு ரிவர், லேக் மரியா என்ற மூன்று பூங்காக்களில் வந்து நிற்கும். பெரும்பாலும் எல்லோரும் தூரத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் எங்கே கிடைக்கிறது என்பது. அடுத்தது ஏற்றம்.

கணக்கு எளிது. இரண்டு பேருக்கு ஒரு ராத்திரிக்குக் குடிக்க 5 லிட்டர், சமையலுக்கும் காபிக்கும் இரண்டரை, கையிருப்பு அரை லிட்டர். மொத்தம் 8 கிலோ. கூடாரத்தையும் ஸ்லீப்பிங் பேக்கையும் விட இது கனம்.

ஆஃப்டனில் இந்தச் சுமை இல்லை, முகாமிலேயே குடிநீர் உண்டு. ஆளுக்கு 1 லிட்டர் பாட்டிலோடு நடந்தால் போதும். கார் நிறுத்தத்திலிருந்து முகாம் ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அதை நம்பி இரும்பு வாணலியையும் மடக்கு நாற்காலியையும் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்கள். பாதை ஆற்றை நோக்கி இறங்கி, அங்கிருந்து செங்குத்தாக மேட்டில் ஏறுகிறது. செயின்ட் குரோய் ஆற்றுக்கு மேலே கிட்டத்தட்ட 300 அடி உயரத்துக்கு எழும் மேட்டு நிலம் இது, ஓடைகள் ஆழமாக அறுத்துப் போட்டிருக்கின்றன. மூட்டை 12 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புல்வெளியும் காடும் ஒரே நடையில் வேண்டும் என்றால் மூன்றில் ஆஃப்டன்தான் முதல். மேட்டின் மேல் பழைய வயல்களைத் திரும்பப் புல்லாக்கிய பிரெய்ரிப் புல்வெளி, சரிவில் ஓக் காடு, கீழே ஆறு. சுமார் 32 கிலோமீட்டர் பாதையில் இந்த மூன்றும் மாறி மாறி வரும். பூ பார்க்க ஜூலை, ஆகஸ்ட். செப்டம்பரில் பிக் புளூஸ்டெம் புல் ஆள் உயரம் வளர்ந்து, செம்பு நிறமாகி, நுனியில் கோழிக்கால் மாதிரி மூன்றாகப் பிரிந்து நிற்கும். தரைக்குக் கீழே அதன் வேர் அதைவிட நீளம். அதனால்தான் வசந்தத்தில் பூங்காக்காரர்கள் தீ வைத்தாலும் புல் சில வாரங்களில் துளிர்க்கிறது, நுழைந்த மரக்கன்றுகள்தான் கருகுகின்றன.

குறையும் உண்டு. கோடை சனி, ஞாயிறுகளில் ஆற்றில் மோட்டார் படகுகளின் இரைச்சல் மேலே வரை கேட்கும். முகாம் தளங்கள் 28 இருக்கின்றன, பக்கத்துக் கூடாரத்துப் பேச்சும் கேட்கத்தான் செய்யும். புல்வெளி ஓரத் தளங்களில் மதியம் நிழல் கிடைக்காது. முன்பதிவு 120 நாள் முன்னால் திறக்கும், இலையுதிர்காலச் சனிக்கிழமைகள் அப்போதே போய்விடும்.

அமைதி வேண்டுபவருக்கு வைல்டு ரிவர். நகரிலிருந்து வடகிழக்கே ஒன்றே கால் மணி நேரம். ஆற்றை ஒட்டி 29 கிலோமீட்டர் நீளும் பூங்கா. நடந்து போய்த் தங்கும் தளங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பவை. 1968-இல் அமெரிக்க அரசு முதன்முதலாகப் பாதுகாத்த எட்டு ஆறுகளில் செயின்ட் குரோயும் ஒன்று. இங்கே அது ஆஃப்டனில் போல ஏரியாக அகலாமல், ஓடுகிற ஆறாகவே இருக்கிறது. பிரெய்ரியும் உண்டு, ஆனால் அதைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும், வழியில் தானாக வராது.

தரை பெரும்பாலும் சமம், மூச்சு வாங்காது. ஆனால் தளத்தில் குழாய் இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். மேலே சொன்ன 8 கிலோ இங்கேதான் தோளில் ஏறும். ஆற்று நீரை எடுப்பதானால் 0.1 மைக்ரான் ஃபில்டர் பாக்டீரியாவையும், வயிற்றைக் கெடுக்கும் ஜியார்டியா ஒட்டுண்ணியையும் தடுக்கும், வயல் ரசாயனத்தைத் தடுக்காது. அக்டோபரில் இன்னொரு வினை: ஒருமுறை நனைந்த ஃபில்டர் ராத்திரி உறைந்தால் உள்ளே இழைகள் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், வடிகட்டுவது மட்டும் நின்றிருக்கும். தூங்கும்போது ஃபில்டரைப் பையில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மணற்பாங்கான இடங்களில் ஊசி மாதிரி மெல்லிய கூடார முளைகள் காற்றுக்குப் பிடுங்கிக்கொள்ளும், அகலமானவை வேண்டும்.

லேக் மரியா வேறு ரகம். பெருங்காடு என்று அழைக்கப்பட்ட மேப்பிள், பாஸ்வுட் வனத்தின் மிச்சம் இது. புல்வெளிக்காக வருகிறவர் ஏமாந்து போவார். 17 தளங்கள், பலவும் சிற்றேரிக் கரையில், அரை மைலிலிருந்து இரண்டு மைலுக்குள். குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு இதையே சொல்வேன். ஆனால் அந்த ஏரி நீரைக் கோடையில் நம்பக் கூடாது. நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு, கொதிக்க வைத்தாலும் ஃபில்டரில் விட்டாலும் போகாது.

உண்ணி மூன்று இடத்திலும் உண்டு. மே, ஜூன் மோசம், அக்டோபரில் மறுபடி. 0.5% பெர்மெத்ரின் பூச்சிக்கொல்லியை உடையில் தெளித்து முந்தின நாளே காய வைக்க வேண்டும், தோலில் படக் கூடாது. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, கூடாரத்துக்குள் நுழையும் முன் முழங்கால் மடிப்பையும் இடுப்புப் பட்டியையும் தடவிப் பாருங்கள். கறுப்புக்கால் உண்ணியை முதல் நாளுக்குள் பிடுங்கிவிட்டால் லைம் நோய் தொற்றுவது அரிது. புல்வெளி ஓரம் இடுப்பு உயரத்தில் மஞ்சள் குடைப்பூ தெரிந்தால் ஒதுங்கி நடங்கள். காட்டு பார்ஸ்னிப்பாக இருக்கலாம். அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் எழும்.

விறகு வீட்டிலிருந்து கொண்டு போகக் கூடாது, ஆஷ் மரத்தைத் துளைக்கும் பூச்சி அதில்தான் பரவுகிறது. பூங்காவிலேயே வாங்கலாம். அடுப்புக்கு 100 கிராம் ஐசோபியூட்டேன் குப்பி இரண்டு பேருக்கு ஒரு ராத்திரிக்குத் தாராளம். மேசை அடுப்புக்கான வெறும் பியூட்டேன் குப்பி உறைபனியில் எரியாது. வறுத்த ரவையில் தாளிப்பையும் உப்பையும் வீட்டிலேயே கலந்துகொண்டால், ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு கொதிநீர், ஐந்து நிமிடத்தில் உப்புமா. பாத்திரம் கழுவத் தனியாக அரை லிட்டர் வேண்டியிருக்கும், வைல்டு ரிவர் போகிறவர்கள் அதையும் 8 கிலோவோடு கூட்டிக்கொள்ளுங்கள்.