1907-இன் அழகு, 2009-இன் நாணயத்தில்

அமெரிக்க நாணயச்சாலை 2009-இல் வெளியிட்ட அல்ட்ரா ஹை ரிலீஃப் (மிக உயர்ந்த புடைப்பு) டபுள் ஈகிள் என்ற 20 டாலர் தங்கக் காசு, 31.1 கிராம் 24 காரட் தங்கம், 27 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 4 மில்லிமீட்டர் தடிமன் என்பதால் கையில் வைத்ததுமே கனம் தெரிகிறது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கேட்டு சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் வடிவமைத்து 1907-இல் வந்த அதே சுதந்திர தேவி, தீப்பந்தத்தோடு நம்மை நோக்கியே நடந்து வருகிறாள், பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், உடையின் மடிப்புகள் அப்படியே எழுந்து நிற்கும். அன்று இந்தப் புடைப்புக்காக ஒரே காசைத் திரும்பத் திரும்ப அச்சடிக்க வேண்டியிருந்தது, அதனால்தான் புழக்கத்துக்கு வந்தபோது தட்டையாக்கிவிட்டார்கள். எனக்கு அதுதான் மனத்தாங்கல், இந்த 2009 காசு அதைத் தீர்த்துவிட்டது. பழையது 34 மில்லிமீட்டர், அந்த அகலம் இதில் இல்லை. அப்புறம், சுத்தத் தங்கம் எளிதில் கீறும், உறையிலிருந்து எடுக்காதீர்கள்.