அப்டேட்டுக்குப் பிறகு மானிட்டர் மாட்டினால் லேப்டாப் அணைகிறதா? போர்டைத் திறக்க விடாதீர்கள்

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் குடியிருக்கிறேன். தம்புச் செட்டித் தெருவில் ஒரு சி.எச்.ஏ. (இறக்குமதி செய்கிறவர்களுக்காகக் கஸ்டம்ஸ் வேலையை முடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்) ஆபீஸில் டாகுமென்டேஷன் பார்க்கிறேன். வருகிற சரக்குக்கு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் மூன்றையும் ஒத்துப் பார்த்து, கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரிக்கான செக்லிஸ்ட் போடுவது என் பொறுப்பு. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து வீட்டிலேயே வேலை செய்ய முதலாளி அனுமதித்திருக்கிறார். ஒரு மானிட்டரில் இன்வாய்ஸ், இன்னொன்றில் செக்லிஸ்ட், லேப்டாப் திரையில் மெயில். இப்படி மூன்று திரை இருந்தால்தான் நாற்பது ஐம்பது ஐட்டம் உள்ள இன்வாய்ஸைப் பிழையில்லாமல் முடிக்க முடியும்.

லேப்டாப் 2021-இல் வாங்கியது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்று மாதக்கணக்கில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. கஸ்டம்ஸ் வேலை பார்க்கிற லேப்டாப்பைப் பாதுகாப்பில்லாமல் வைத்திருக்கக் கூடாது என்று அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை ராத்திரி விண்டோஸ் 11-க்கு மாற்றினேன்.

மறுநாள் காலையில் ஆரம்பித்தது. இரண்டு மானிட்டரையும் மாட்டிப் பத்து நிமிஷம் ஆகவில்லை, மூன்று திரையும் ஒரே நேரத்தில் இருண்டது. உள்ளே ஃபேன் மட்டும் இரைந்து சுற்றியது. பிறகு ஒரு பிழைச் செய்தி, உடனே ரீஸ்டார்ட். அந்தச் செய்தியை மொபைலில் படம் எடுத்து வைத்தேன். அதில் 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்று இருந்தது. ஒரு மானிட்டரைக் கழற்றினால் பிரச்சினை இல்லை. இரண்டையும் கழற்றினால் நாள் முழுக்க ஓடுகிறது. இரண்டையும் மாட்டினால் மட்டும் அணைகிறது. நான்கு நாளும் இதே கதை.

இந்த அடையாளத்தை நானே கண்டுபிடித்திருந்தும் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. என் பத்தாயிரம் ரூபாயும் அதைவிடப் பெரிய ஒன்றும் அதனால்தான் போயின.

சரக்கு வரும் நாளுக்கு முந்தின நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி போட்டாக வேண்டும். தவறினால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். தீபாவளிக்கு முந்தின நேரம், சரக்கு வரிசையாக வந்துகொண்டிருந்தது. அந்தப் பதற்றத்தில் 8-ஆம் தேதி வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு மாடிக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அதற்கான இடத்தில் பெயர் இருக்கிறது.

கடைக்காரப் பையன் ஆன் செய்து பார்த்தார். மானிட்டர் எதையும் மாட்டவில்லை. நான் எடுத்த படத்தை நீட்டினேன், அதையும் பார்க்கவில்லை.

"யக்கா, ரெண்டு மானிட்டர் மாட்டி ஓட்னா கிராபிக்ஸ் சிப்பு எப்புடிக்கா தாங்கும்? அடியில சோல்டர் வுட்டுக்கிச்சு. ரீபால் பண்ணணும். இல்லாங்காட்டி போர்டே மாத்தணும், இருபத்திரெண்டாயிரம் ஆவும்."

"மானிட்டர் இல்லாம நல்லா ஓடுதே தம்பி?"

"அப்டித்தாங்க்கா ஓடும். ரெண்டு நாள்ல மொத்தமா படுத்துரும்."

ரீபாலிங் என்றால் சிப்பைக் கழற்றி, அடியில் புதிதாகச் சோல்டர் வைத்துத் திரும்பப் பதிப்பது. அதற்கு 6,500, ஜெனரல் சர்வீஸ் 800, டேட்டா பேக்கப் 1,200, விண்டோஸ் கீ 1,500. மொத்தம் பத்தாயிரம். அட்வான்ஸ் நாலாயிரத்தை யுபிஐயில் அனுப்பினேன், ஓனரின் சொந்தப் பெயருக்குப் போனது. ரசீது கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் 'லேப்டாப் 1' என்று எழுதிக் கொடுத்தார். உள்ளே எத்தனை ஜிபி ராம், எவ்வளவு எஸ்எஸ்டி என்று எதுவும் எழுதவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை. "எதையும் அழிச்சிடாதீங்க தம்பி, எல்லாம் வேலை ஃபைல்" என்று மட்டும் மூன்று முறை சொன்னேன்.

அடுத்த ஐந்து நாளும் அம்மாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, தேரடியில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கி, ஆபீஸில் இன்னொருவர் எழுந்த பிறகு அவர் சீட்டில் உட்கார்ந்து வேலை செய்தேன்.

13-ஆம் தேதி லேப்டாப் வந்தது. மீதி ஆறாயிரத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். வீட்டில் இரண்டு மானிட்டரையும் மாட்டினேன். ஓடியது. சந்தோஷத்தில் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் டி டிரைவைத் திறந்தேன். காலி.

அதில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். 11 வருஷமாக ஒரு எக்ஸெல் எழுதி வந்தேன். எந்தப் பொருளை எந்த எச்.எஸ். கோடில் (கஸ்டம்ஸில் பொருளை வகைப்படுத்தும் எண்) போட்டோம், அதற்கு கஸ்டம்ஸில் என்ன குவரி எழுப்பினார்கள், என்ன பதில் கொடுத்தோம், எது நின்றது, எது நிற்கவில்லை என்று ஒவ்வொரு சரக்காக எழுதியது. இந்த வேலையில் எனக்கென்று சொந்தமாக இருந்தது அது ஒன்றுதான். ஆபீஸில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு அதைப் பார்த்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். பேக்கப் என்று 1,200 வாங்கியவர் டெஸ்க்டாப்பையும் டாகுமென்ட்ஸ் ஃபோல்டரையும் மட்டும் காப்பி எடுத்துவிட்டு முழு டிஸ்க்கையும் ஃபார்மட் செய்திருக்கிறார். எஸ்எஸ்டியில் ஃபார்மட் ஆன இடத்தைச் சிஸ்டமே 'ட்ரிம்' என்ற ஏற்பாட்டில் துடைத்துவிடுகிறது. பழைய ஹார்டு டிஸ்க் மாதிரி மென்பொருள் போட்டு மீட்பது பெரும்பாலும் நடக்காது. ஒரு பென்டிரைவில் நான் நகல் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

மூன்றாம் நாள், 16-ஆம் தேதி, மறுபடி மூன்று திரையும் இருண்டது. அதே பிழைச் செய்தி.

கடைக்கு போன் போட்டால் "போர்டுதான்கா மாத்தணும், நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பெரம்பூரில் இருக்கும் என் சித்தி பையன் கம்பெனி ஒன்றில் சிஸ்டம் சப்போர்ட் பார்க்கிறான். தீபாவளிக்கு முந்தின நாள் பலகாரம் கொடுக்க வந்தவனை உட்கார வைத்துவிட்டேன்.

படத்தைப் பார்த்ததும், "அக்கா, இது டிஸ்ப்ளே டிரைவர் பக்கம் கை காட்டுது" என்றான். கிராபிக்ஸை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்தான் டிரைவர். கிராபிக்ஸுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு விண்டோஸ் இரண்டு விநாடி காத்திருக்குமாம். பதில் இல்லையென்றால் டிரைவரை மட்டும் நிறுத்தித் திரும்ப எழுப்பிப் பார்க்கும். அதுவும் பலிக்காவிட்டால்தான் இந்தச் செய்தியோடு மொத்தமாக நிற்கும். சூடு ஏறினாலும், சிப் உண்மையிலேயே கெட்டாலும் இதே செய்தி வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னான். ஆனால் அப்டேட் போட்ட மறுநாளே ஆரம்பித்து, இரண்டு மானிட்டர் மாட்டும்போது மட்டும் வந்தால் முதலில் டிரைவரைத்தான் பார்க்க வேண்டும் என்றான்.

பிறகு ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்ற பக்கத்தைத் திறந்தான். ஸ்டார்ட்டில் அந்தப் பெயரைத் தேடினாலே வரும். எந்தத் தேதியில் என்ன இன்ஸ்டால் ஆனது, எது விழுந்தது என்று நாள்வாரியாகக் காட்டுகிறது. 16-ஆம் தேதி காலையில் ஒரு டிஸ்ப்ளே டிரைவர் தானாக இறங்கியிருக்கிறது. மத்தியானம் முதல் கிராஷ். கடைக்காரர் தன் பென்டிரைவிலிருந்த பழைய டிரைவரைப் போட்டு விண்டோஸை ஏற்றியிருக்கிறார், அதனால் மூன்று நாள் ஓடியது. வீட்டு வைஃபையில் புது டிரைவர் வந்ததும் நோயும் திரும்ப வந்தது. சிப் ரீபால் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் இதுதான் நடந்திருக்கும்.

ரீபால் ஆகவும் இல்லை. என் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் சிப்பே கிடையாது, பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. நாலு திரை வரை தாங்கும் என்று அதன் விவரப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. தம்பி அடிப்பக்கத்தைக் கழற்றினான். ஹீட்சிங்க்கை (சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகப் பாகம்) எடுக்காமல் ரீபாலிங் செய்ய வழியில்லை. அதன் மேல் நாலு வருஷத் தூசி கலையாமல் அப்படியே படிந்திருந்தது. ஃபேன் இறக்கையிலும் தூசி, ஜெனரல் சர்வீஸுக்கு வாங்கிய 800 ரூபாய்க்குச் சாட்சியாக. பக்கத்தில் ஒரு ராம் ஸ்லாட் காலி. 16 ஜிபியாகக் கொடுத்த லேப்டாப் 8 ஜிபியாகத் திரும்பி வந்திருக்கிறது.

விண்டோஸ் கீயும் பொய். கம்பெனியே விண்டோஸ் போட்டுக் கொடுத்த லேப்டாப்பில் அந்தக் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே எடிஷனைத் திரும்ப ஏற்றினால் நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும், ஒரு பைசா செலவில்லை. என்னுடையது ஹோம். கடைக்காரர் ஏற்றியது புரோ. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால் 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை' வழியாக ஆனதாகக் காட்டியது. எனக்கு எந்த நிறுவனம் அப்படிக் கொடுத்தது? கிராக், அதாவது விண்டோஸை ஏமாற்றி ஆக்டிவேட் செய்யும் திருட்டு மென்பொருள். என்னை அதிகம் நடுங்க வைத்தது இதுதான். அந்த லேப்டாப்பில் மூன்று நாள் ஆபீஸ் மெயிலைத் திறந்திருக்கிறேன். அன்றைக்கே எல்லா பாஸ்வேர்டையும் வேறு மெஷினிலிருந்து மாற்றினேன். முதலாளியிடமும் மறைக்காமல் சொன்னேன். அவருடைய டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எப்போதும் அவரிடமே இருப்பதால் அந்த மட்டும் தப்பித்தோம்.

கிராக்கைத் துடைத்துவிட்டு ஹோமைப் புதிதாக ஏற்றிக் கொடுத்தான். ஆனால் அதற்கு முன்னால், காரணம் டிரைவர்தான் என்று என் கண்ணுக்குக் காட்ட ஒன்று செய்தான். டிவைஸ் மேனேஜர், அதில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், கிராபிக்ஸ் பெயர் மேல் ரைட் கிளிக், புராப்பர்ட்டீஸ், டிரைவர், 'ரோல் பேக் டிரைவர்'. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு மானிட்டரும் ராத்திரி வரை அசையவில்லை. இதைத்தான் நான் 4-ஆம் தேதி காலையில் செய்திருக்க வேண்டும். அந்த பட்டன் மங்கலாக இருந்தால், லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடலுக்கென்று கொடுத்திருக்கும் டிரைவரை இறக்கிப் போடலாம். புது ஹோமை ஏற்றிய பிறகு எனக்கு அதைத்தான் போட்டான். டிரைவர் மறுபடி தானாக வந்துவிடாமல் செட்டிங்ஸில் அப்டேட்டைச் சில வாரத்துக்குத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தான். விண்டோஸ் 10-லிருந்து 11-க்குப் போனவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. செட்டிங்ஸில் ரிகவரிக்குள் 'கோ பேக்' இருக்கும். பழையபடி திரும்பிவிடலாம், ஃபைல்கள் அப்படியே இருக்கும். ஆனால் பத்து நாள்தான். நான் கடையில் கொடுத்த அன்று எனக்கு இன்னும் ஐந்து நாள் மிச்சம் இருந்தது. ஃபார்மட்டில் அதுவும் போனது.

தீபாவளி முடிந்து இருவரும் கடைக்குப் போனோம். "நீங்க குடுக்கும்போதே ஒரு ராம்தான்கா" என்றார் ஓனர். லேப்டாப் வாங்கிய பில்லையும் திறந்து எடுத்த படங்களையும் காட்டிய பிறகு, பையன் மாற்றி வைத்துவிட்டான் போல என்று ஒரு ராமையும், கீக்கு வாங்கிய 1,500-ஐயும் கொடுத்தார். ரீபாலிங் பணத்துக்குப் பேச்சே இல்லை. எக்ஸெல்லைப் பற்றிக் கேட்டபோது, "ஃபைலுக்கெல்லாம் நாங்க பொறுப்பு இல்லைங்க" என்றார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். செய்த வேலைக்கு பில் கொடுக்காததையே 2019 சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. என் கையில் இருப்பது நாலாயிரத்துக்கான யுபிஐ பதிவு, விசிட்டிங் கார்டு, தூசி படிந்த ஹீட்சிங்க்கின் படம். கையில் கொடுத்த ஆறாயிரத்துக்கு எந்த அத்தாட்சியும் இல்லை. நீங்கள் எந்தக் கடையில் கொடுத்தாலும் ராம், எஸ்எஸ்டி அளவைக் கடைக்காரர் கையாலேயே எழுத வைத்து, கொடுக்கும் முன் திரையில் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தை முழுக்க யுபிஐயிலேயே கொடுங்கள். ஃபைல்களை வீட்டிலேயே நகல் எடுத்த பிறகு வாசற்படி தாண்டுங்கள்.

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் யாருக்காவது இதே மாதிரி 'ரீபாலிங்' என்று பணம் போயிருந்தால், யுபிஐ பதிவும் தேதியும் வைத்திருந்தால், எனக்குச் சொல்லுங்கள். மனுவில் சேர்த்துக்கொள்கிறேன்.