கோட்டைமேட்டை எதில் எழுப்புவது: ஸ்கெட்ச்அப்பா, பிளெண்டரா, டிரோனா?

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கோட்டைமேடு இருக்கிறது. மேடு என்பது பேச்சுக்குத்தான். போய் நின்றால் சீமைக்கருவேலங்காடு. அந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டுப் பெட்டியில் பழைய வரைபடம் ஒன்றின் ஜெராக்ஸ் கிடந்தது. நாலு மூலைக்கு நாலு கொத்தளம், மண்மதில், அகழி, உள்ளே இரண்டு தெரு, ஓர் ஊரணி, இரண்டு வாசல். வீட்டு பிளான் போட்டுப் பிழைக்கிறவன் கையில் இது சிக்கினால் சும்மா இருப்பானா? ஸ்கெட்ச்அப், பிளெண்டர் என்ற இரண்டு முப்பரிமாண மென்பொருள்கள், அப்புறம் டிரோன் என்று மூன்று வழியிலும் கணினியில் எழுப்பிப் பார்த்தேன்.

நான் பார்த்தது ஒன்றைத்தான். பழைய படத்தில் தப்பு இருந்தே தீரும். அந்தத் தப்பை எது காட்டிக்கொடுக்கிறது, எது பூசி மெழுகுகிறது?

ஸ்கெட்ச்அப்பில் ஒரே சாயங்காலம் போதும். படத்தை இறக்கி, அதன் மேலேயே கோடு போட்டு, புஷ்-புல்லால் இழுத்தால் மதில் எழும்பிவிடும். பார்க்கிறவர்கள் 'அடடே' என்பார்கள். கணினியில் நிறுவுகிற இலவசப் பதிப்பு 2017 'மேக்' (Make) பதிப்போடு நின்றுபோனது. இப்போது உலாவியில் ஓடும் இலவசப் பதிப்பில் எக்ஸ்டென்ஷன் ஏறாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஏதாவது ஒரு நீளத்தை வைத்துத்தானே மொத்தப் படத்தையும் அளவுக்குக் கொண்டுவருகிறோம்? பழைய தாள் நீளவாக்கில் ஒரு மாதிரியும் அகலவாக்கில் வேறு மாதிரியும் சுருங்கியிருக்கும். கிழக்கு மதில் சரியாக உட்கார்ந்தால் தெற்கு மதில் குட்டையாகும். ஸ்கெட்ச்அப் அதைப் பற்றி வாயே திறக்காது.

அடுத்து கியூஜிஐஎஸ்ஸும் பிளெண்டரும். இரண்டும் இலவசம், இரண்டும் பொறுமையைச் சோதிக்கும். முதலில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் படத்தைத் தரையோடு பொருத்த வேண்டும். பழைய கிராம வரைபடம் பலவும் மைலுக்கு 16 அங்குலம், அதாவது அங்குலத்துக்கு 5 சங்கிலி. சங்கிலி 66 அடி. அதோடு ஒவ்வொரு புலத்தின் எல்லையையும் அளவோடு காட்டும் இன்றைய எஃப்.எம்.பி. புலப்படங்களை அடுக்கிவைத்தபோதுதான் எனக்கே ஆச்சரியம். அகழி தூர்ந்து வயலாகி எத்தனையோ காலம். ஆனாலும் ஒல்லியான புறம்போக்குத் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்துகொண்டே போய், அகழி ஓடிய தடத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. ராமநாதபுரத்திலும் இப்படித்தானே? 1772இல் ஜெனரல் ஜோசப் ஸ்மித்தின் படை பிடித்த கோட்டை அது. மதில் போனாலும், கோட்டைக்கு வெளியே இருந்த பகுதிக்கு வெளிப்பட்டணம் என்ற பெயர் போகவில்லை.

பொருத்தும்போது எந்தக் கணக்கைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. 'தின் பிளேட் ஸ்பிளைன்' என்று ஒன்று உண்டு. படத்தில் இந்த இடம்தான் தரையில் இந்த இடம் என்று நாம் கொடுத்த புள்ளிகள் எல்லாவற்றையும் அச்சு அசலாக உட்காரவைத்துவிடும், பிழை பூஜ்யம் என்று சொல்லும். நம்பிவிடாதீர்கள். ரப்பர் தாளை இழுத்து ஆணியடித்தால் ஆணி அடித்த இடத்தில் பிழை எங்கிருந்து வரும்? புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில்தான் மதில் பாம்பாக நெளியும். வடிவம் குலையாமல் நகர்த்தித் திருப்பும் ஹெல்மெர்ட் கணக்கு நேர்மையானது, ஆனால் தாள் சுருக்கத்தைத் தாங்காது. நான் கடைசியில், நீளச் சுருக்கத்தையும் அகலச் சுருக்கத்தையும் தனித்தனியே சரிக்கட்டும் பாலினாமியல் 1க்கு வந்தேன். அதற்கு மூன்று புள்ளி போதும். நான் எட்டு கொடுத்தேன். ஏழு புள்ளிகள் இரண்டு மூன்று மீட்டருக்குள் அடங்கின. ஊரணியின் வடமேற்கு மூலை மட்டும் 14 மீட்டர் தள்ளி நின்றது.

படம் வரைந்தவரைத் திட்டிக்கொண்டே ஊரணிக்குப் போனேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "என்னப்பு, டேப்பும் கையுமா நிக்கிற?" என்றார். விவரம் சொன்னேன். "அந்த மூலைய வெட்டி அகலமாக்குனது எங்க அய்யா காலத்துல அப்பு. மண்ணு பூராம் ரோட்டுக்குப் போச்சு." ஆக, படத்தில் பிழையே இல்லை, தரைதான் மாறியிருக்கிறது. ஸ்பிளைனை நம்பியிருந்தால் வடமேற்குக் கொத்தளத்தையும் அந்த 14 மீட்டரோடு சேர்த்து இழுத்துப்போயிருப்பேன்.

பிளெண்டருக்கு மாறும்போது ஒரு சங்கடம். பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் யூடிஎம் கணக்கில் நம் கடற்கரை 44 வடக்கு மண்டலம். அந்தக் கோட்டைமேடு பூமத்திய ரேகையிலிருந்து பத்து லட்சம் மீட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய எண்ணை அப்படியே ஏற்றினால் பிளெண்டரின் 32 பிட் கணக்கு 12.5 செ.மீ.க்குக் குறைந்த வித்தியாசத்தைப் பிடித்துவைக்காது. அரைச் சாண் அளவுக்கு மதில் படிபடியாகக் குதிக்கும். கோட்டையின் நடுவையே சுழியமாக வைத்து நகர்த்திய பிறகுதான் அடங்கியது. இரண்டு ராத்திரி போச்சு.

டிரோன்? அதை நம்பி இறங்கியது வீண். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிற மாவட்டம். எங்கே டிரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று பார்க்காமல் பறக்கவிட்டால் வம்பு. அதெல்லாம் சரியாக இருந்து பறக்கவிட்டாலும் கிடைத்தது கருவேலமரத்தின் உச்சிதான். பல கோணப் படங்களிலிருந்து அளவெடுக்கும் போட்டோகிராமெட்ரி கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் அளக்கும். இலையிடுக்கில் புகுந்து தரையைத் தொட லேசர் ஒளியால் அளக்கும் லைடார் வேண்டும். நம் பாக்கெட்டுக்கு ஆகாது. மிஞ்சி நிற்கும் ஒரு கொத்தளத்தின் அடிப்பகுதியைச் செல்போனில் சுற்றிச் சுற்றி எடுத்தது மட்டும் நன்றாக வந்தது. பவளக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் அப்படியே தெரிகின்றன.

உயரத்துக்கு மூன்று வழியிலும் விடை கிடையாது. பிரான்சில் 14ஆம் லூயி காலத்தில், 1668 முதல், கோட்டை ஊர்களை 1:600 அளவில் மாதிரியாகவே செய்து வைத்தார்கள். அங்கே அளந்து எடுத்துக்கொள்ளலாம். நமக்குக் கோடு மட்டும்தான் மிச்சம். அதனால்தான் கணினியில் கோட்டை எழுப்பும் பையன்கள் திருமயம் கோட்டையின் கருங்கல் படத்தை எடுத்து இந்த மண்மதிலில் ஒட்டுகிறார்கள். மண்மதில் செங்குத்தாக நிற்காது, தம்பிகளா. அடி அகன்று சாய்ந்துதான் நிற்கும்.

பிளெண்டரில் நான் நிறம் பிரித்தேன். அளந்தது வெள்ளை, படத்தில் மட்டும் உள்ளது சாம்பல், கேள்விப்பட்டதும் ஊகித்ததும் மஞ்சள். எது ஆதாரம், எது ஊகம் என்று தெரிய வேண்டும் என பழைய சின்னங்களைக் கணினியில் எழுப்புகிறவர்களுக்காக 2006இல் எழுதப்பட்ட லண்டன் சாசனமே கேட்கிறது. ஸ்கெட்ச்அப்பிலும் நிறம் பூசலாம்தான். ஆனால் பொருத்தத்தைத் திருத்தினால் அங்கே மொத்தத்தையும் மறுபடி வரைய வேண்டும். பள்ளி ஆண்டுவிழாவுக்கு நாளைக்கே ஒரு கோட்டை வேண்டுமென்றால் ஸ்கெட்ச்அப்பை எடுங்கள். ஊர்க்காரர்களிடம் காட்டப் போகிறீர்களென்றால் வேண்டாம்.

நான் காட்டினேன். ஆட்டுக்காரப் பெரியவர் போனைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "தெக்கு வாசல் இங்க இல்ல அப்பு. இன்னும் கெழக்க, புளியமரத்துக்கு நேரா." படத்தில் அப்படி இல்லை என்றேன். "அப்ப படத்துலயே வச்சுக்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆட்டைப் பார்க்கப் போனார்.

அன்றைக்கு ராத்திரி புளியமரத்துக்கு நேராக இன்னொரு வாசல் வைத்தேன். நாலு நிமிட வேலை. மஞ்சள் நிறத்தில்.