'பிளே' ஒன்று, போர்த்துகீசத்தில் மூன்று: ஜோகாரா, பிரிங்காரா, தோக்காரா?

ஆங்கில 'பிளே'க்கு அகராதியைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது ஜோகார். அதையே எல்லா இடத்திலும் போட்டால் மொழிபெயர்ப்பு பல்லிளித்துவிடும்.

ஜோகார், ஜெயிப்பதும் தோற்பதும் உள்ள ஆட்டத்துக்கு: கால்பந்து, சதுரங்கம், சீட்டு, வீடியோ கேம். சூதாட்டத்துக்கும் இதுதான். மண்ணிலோ பொம்மையோடோ நாய்க்குட்டியோடோ குழந்தை விளையாடினால் பிரிங்கார். நமக்கு இரண்டுமே 'விளையாடு' என்பதால் இங்கேதான் அதிகம் சறுக்குகிறது. ஆனால் ஓரிடத்தில் தமிழே கைகொடுக்கும். "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்கிறோமே, அந்த விளையாட்டு பிரிங்கார்தான். பிரேசிலில் "எஸ்டோ பிரிங்காண்டு", போர்ச்சுகலில் "ஷ்டோ அ பிரிங்கார்". இங்கே ஜோகாருக்கு வேலையே இல்லை.

கண்ணாமூச்சிக்கு விதி உண்டு, ஆனாலும் பிரேசிலில் அது பிரிங்கார். போர்ச்சுகலில் ஜோகாரும் சொல்வார்கள். இடைச்சொல்லும் நாட்டுக்கு நாடு மாறும். 'அப்பா அம்மா விளையாட்டு விளையாடு' என்பதற்குப் பிரேசிலில் "பிரிங்கார் ஜி கஸீன்யா", போர்ச்சுகலில் "பிரிங்கார் ஆஷ் கஸீன்யாஷ்". எந்த நாட்டு வாசகருக்கு என்று தெரியாமல் இந்த வரியைத் தொடாதீர்கள்.

வாத்தியம் என்றால் தோக்கார் மட்டுமே. பிரேசிலில் ஜோகாருக்கு 'எறி' என்றும் பொருள். குப்பையில் போடுவது "ஜோகார் நு லிஷு". ஆகவே 'அவள் பியானோ வாசிக்கிறாள்' என்பதற்கு ஜோகார் போட்டால், பியானோவைத் தூக்கி வீசுகிறாளோ என்று சிரிப்பார்கள். தோக்காரிலும் ஒரு கண்ணி உண்டு. "தோக்கேய் பியானோ" என்றால் வாசித்தேன். நடுவில் 'நு' ('இல்' போன்ற இடைச்சொல்) நுழைந்து "தோக்கேய் நு பியானோ" ஆனால், பெரும்பாலும் பியானோவைத் தொட்டேன் என்றாகிவிடும். தொலைபேசி மணி அடிப்பதும் தோக்கார்தான்.

மற்றவை சுலபம். வீடியோ பொத்தானில் 'ரெப்ரொடுசீர்' என்று எழுதுங்கள். பேச்சில் பிரேசில்காரர்கள் "டார் பிளே" என்றே சொல்லிவிடுவார்கள், அதைத் திரையில் எழுத வேண்டாம். மேடை நாடகம் 'பெசா'. ஒருவரை ஏமாற்றி வேடிக்கை பார்ப்பதற்குப் பிரேசிலில் "ப்ரெகார் உமா பெசா", போர்ச்சுகலில் "ப்ரெகார் உமா பர்த்தீடா". மூன்று வினைகளில் ஒன்றுகூட இங்கே இல்லை. ஆணி அடிப்பதற்குச் சொல்லும் ப்ரெகார்தான் வருகிறது.