ஜாஸ் பேஸுக்குள் காப்பர் டேப்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பேஸ் கிட்டாரின் உள்குழிகளில் காப்பர் டேப் (பசை தடவிய தாமிரத் தாள்) ஒட்டினால் இரைச்சலே இருக்காது என்று நினைத்து வாங்க வேண்டாம். ஒரு வகை இரைச்சல் போகும், இன்னொரு வகை அப்படியே இருக்கும்.

என்னுடையது 1960-இல் ஃபெண்டர் கொண்டுவந்த ஜாஸ் பேஸ் அமைப்பு. கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் ஒற்றைச் சுருள் பிக்கப் இரண்டு. ஒன்றின் சுருளும் காந்தமும் மற்றதற்கு எதிராக இருப்பதால், இரண்டு வால்யூமும் சமமாக இருக்கும்வரை முழக்கம் அடங்கிவிடும். பிரிட்ஜ் (கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் உலோகப் பகுதி) பக்கத்துப் பிக்கப்பின் வால்யூமை மட்டும் திறந்தால் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' கிளம்பும். ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போனால் இன்னும் அதிகம். அது காந்தப்புலம், மெல்லிய தாமிரத் தாள் அதைத் தடுக்காது. இன்றைக்கும் அந்த முழக்கம் இருக்கிறது. ட்யூப்லைட்டும் ஃபேன் ரெகுலேட்டரும் கிளப்பிய 'ஜ்ர்ர்' மட்டும் கிட்டத்தட்ட காணாமல் போய்விட்டது. கம்பியிலிருந்து கையை எடுத்தால் இரைச்சல் எகிறுவதும் வெகுவாகக் குறைந்தது.

டேப்பின் பசை மின்சாரம் கடத்தும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள். பிக்கப் குழிகள் தனித்தனி என்பதால் ஒவ்வொன்றிலிருந்தும் எர்த்துக்கு ஒரு ஒயர் போக வேண்டும். சென்னை உப்புக்காற்றில் என் டேப் கறுத்துவிட்டது, ஓரங்கள் சில இடங்களில் தூக்கிக்கொண்டன. ஈயம் வைத்த இடங்களில் மல்டிமீட்டர் இன்னும் ஒரு ஓமுக்குக் கீழேதான் காட்டுகிறது.

எதிர்பாராத தொல்லை கேபிள் செருகும் ஜாக்கில் வந்தது. நட்டு தளர்ந்து ஜாக் சுற்றிக்கொண்டதில் அதன் சிக்னல் முனை தாமிரத்தைத் தொட்டு, வாசிப்பின் நடுவே சத்தம் நின்றுவிட்டது. உள்ளே மரம் மட்டும் இருந்தவரை இதற்கு வாய்ப்பே இல்லை. அந்த இடத்துத் தாமிரத்தின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிய பிறகு பிரச்சினை இல்லை. தாமிரம் ஒட்டினால் ட்ரெபிள் குறையும் என்பார்கள். என் காதுக்குத் தெரியவில்லை.

கிட்டாரைத் திறப்பதற்கு முன் வீட்டு எர்த்தைச் சோதித்துவிடுங்கள். கம்பிகள் பிரிட்ஜ் ஒயர் வழியாக ஆம்ப் சட்டத்தோடு இணைந்திருப்பவை. எர்த் இல்லாத பிளக்கில் ஆம்பை மாட்டி, கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதடு வைத்தால் ஷாக் அடிக்கலாம். காப்பர் டேப் அதற்கு மருந்தல்ல.

பிரிட்ஜ் பிக்கப்பைத் தனியாகவே வாசிப்பவர் என்றால், டேப்புக்குச் செலவழிக்கும் பணத்தை முழக்கம் நீக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்புக்காகச் சேர்த்து வைக்கலாம்.